சாபமா... ஜீனா?

கொலம்பியாவின் மலைப்பகுதியில் பெல்மீரா என்று ஒரு கிராமம். 1980-களின் தொடக்கத்தில், அங்கிருந்து ஒரு விவசாயியை மெடலின் நகர ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வந்தார்கள். வயது 47தான். எல்லாமே மறந்துபோகிறது என்பதுதான் பிரச்னை. பரிசோதித்தவர், நரம்பியலில் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்த ஃபிரான்சிஸ்கோ லோபெரா என்ற இளம் டாக்டர்.

அறிகுறிகள் அத்தனையும் அல்ஸைமர் நோய் மாதிரியே இருந்தன. ஆனால், அது வயசான காலத்தில் வருகிற வியாதியாயிற்றே? (ஒரு வேடிக்கை பாருங்கள்... 1901-ல் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகரில், டாக்டர் அலாய்ஸ் அல்ஸைமர் முதன்முதலில் இந்த நோயைக் கவனித்த பெண்மணிக்கு வயது 51தான்!) லோபெரா, கூட வந்தவர்களிடம் துருவித் துருவி விசாரித்தார். அந்த விவசாயியின் அப்பாவுக்கும் இதே கதிதானாம். தாத்தாவுக்கும் அப்படியேதானாம்.

வேறொரு டாக்டராக இருந்தால் மருந்துச் சீட்டை எழுதிக் கொடுத்து, 'அடுத்த மாசம் வாங்க' என்று அனுப்பியிருப்பார். லோபெரா பெல்மீராவுக்கே கிளம்பிப் போய்விட்டார்.

அந்தப் பக்கத்து ஜனங்களுக்கு இந்த நோய் புதுசு இல்லை. அதற்கு ஒரு பெயரே வைத்திருந்தார்கள் - 'லா போபேரா'. அசட்டுத்தனம் என்று அர்த்தம். நாற்பதைத் தாண்டியதும் ஒருவர் கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்பார். கொஞ்ச நாளில் வீட்டுக்கு வழி தெரியாது. பிறகு பெற்ற பிள்ளையையே யாரென்று தெரியாது. கடைசியில் படுத்த படுக்கை. அறுபதையொட்டி மரணம். ஏதோ ஒரு மரத்தைத் தொட்டதால் வந்த வினை என்றார்கள் சிலர். இல்லையில்லை, அந்தக் காலத்துப் பாதிரியார் ஒருவர் விட்ட சாபம் என்றார்கள் வேறு சிலர். சாபம் என்றால் தலைமுறை தலைமுறையாகத் துரத்தும் அல்லவா? அந்த வகையில் ஊர்க்காரர்கள் சொன்னது ரொம்பத் தப்பில்லை!

லோபெராவும் நர்ஸ் லூசியா மாட்ரிகலும் மலைக்கிராமங்களில் வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். யாருக்கு யார் பிள்ளை, யாருக்கு எந்த வயதில் நோய் வந்தது என்று விசாரித்துக் குறித்துக்கொண்டார்கள். மாதா கோயில்களில் ஞானஸ்நானம், கல்யாணம், சாவு எல்லாவற்றுக்கும் ரெஜிஸ்டர் உண்டே... அவற்றைப் புரட்டிப் புரட்டிப் பதினெட்டாம் நூற்றாண்டு வரை பின்னோக்கிப் போனார்கள். யாருமால், அங்கோஸ்துரா என்று ஊர் ஊராகச் சிதறியிருந்த குடும்பங்கள், தங்களுக்குள் உறவு இருப்பதையே அறியாதவை, ஒரே மரத்தின் கிளைகளாக ஒவ்வொன்றாய் வந்து சேர்ந்தன.

இதெல்லாம் நடந்தது எந்தக் காலத்தில் தெரியுமா? மெடலினில் போதைமருந்து ராஜா பாப்லோ எஸ்கோபார் கொடிகட்டிப் பறந்த காலம். மலைகளில் கெரில்லாக்கள். அவர்களுக்கு எதிராக இன்னொரு ஆயுதக் கும்பல். நடுவில் ரத்த சாம்பிள் எடுக்க ஊசியும் பாட்டிலுமாக இந்த இருவர். ஒருமுறை லூசியாவைக் கெரில்லாக்கள் பிடித்துக்கொண்டு போய், சில நாள் வைத்திருந்துதான் விட்டார்கள். திரும்பி வந்தவர் வேலையை விடவில்லை.

1990-களின் தொடக்கத்தில் கொலம்பியாவுக்கு லெக்சர் கொடுக்க வந்தார், அமெரிக்காவின் ஹார்வர்டைச் சேர்ந்த கென்னத் கோசிக். லோபெரா தன் 'குடும்ப மர'த்தை அவரிடம் காட்டினார். இருவரும் கூட்டுச் சேர்ந்தார்கள். ரத்த சாம்பிள்கள் அமெரிக்காவுக்குப் பறந்தன. 1995-ல், பல ஆராய்ச்சிக் குழுக்கள் கைகோத்ததில், குற்றவாளி சிக்கியது. 14-ஆம் குரோமோசோமில் உட்கார்ந்திருக்கும் ப்ரெசெனிலின்-1 என்ற ஜீன்! அது தயாரிக்கும் புரதம், 467 அமினோ அமிலங்களைக் கோத்த மாலை. இந்தக் குடும்பத்தில் 280-வது மணி மட்டும் மாறியிருந்தது. ஒரே ஒரு மணி! இதற்கு 'பைசா மியூட்டேஷன்' என்று பெயர். நம்ம ஊர்ப் பைசா இல்லை... அந்த வட்டார மக்களையே கொலம்பியாவில் பைசா என்றுதான் அழைப்பார்கள்.

அப்பா, அம்மா இருவரில் ஒருவருக்கு இது இருந்தால் பிள்ளைக்கு வர வாய்ப்பு பாதிக்குப் பாதி. பூவா, தலையா கதைதான். வந்துவிட்டால் சராசரியாக 44 வயதில் ஞாபகம் தடுமாறும், 49-ல் முழு டிமென்ஷியா. சுமார் 6,000 பேர் கொண்ட அந்த மாபெரும் குடும்பத்தில், சுமார் 1,200 பேரிடம் இந்த ஜீன்.

உலகத்தின் பார்வை அந்த மலைப்பக்கம் திரும்பியதற்குக் காரணம் உண்டு. நம் தெருவில் யாருக்கு அல்ஸைமர் வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. இங்கே யாருக்கு, கிட்டத்தட்ட எந்த வயதில் என்றே சொல்லிவிடலாம். நோய் வருவதற்கு முன்னால் மூளையில் என்ன நடக்கிறது என்று பார்க்க இதைவிட வேறு இடம் ஏது? பார்த்தார்கள். அமிலாய்டு என்ற புரதக் கசடு 28 வயது வாக்கிலேயே படிய ஆரம்பித்துவிடுகிறது என்று 2012-ல் ஸ்கேன்கள் காட்டின. மறதி எட்டிப்பார்ப்பதற்குப் பதினைந்து வருஷம் முன்னாலேயே!

ரத்தம் கொடுத்தார்கள், ஸ்கேனுக்குப் படுத்தார்கள். அதற்கு மேல், மூளையையும் கேட்டார்கள். சற்று யோசித்துப் பாருங்கள்... துக்க வீட்டில், அழுதுகொண்டிருக்கும் மனைவியிடம் போய், 'உங்க வீட்டுக்காரர் மூளையைத் தருவீர்களா?' என்று கேட்பது லேசான காரியமா? இறந்த சில மணி நேரத்துக்குள் எடுத்தாக வேண்டும், யோசிக்கவும் அவகாசம் கிடையாது. கொடுத்தார்கள். ஆன்டியோகியா பல்கலைக்கழகத்தின் மூளை வங்கியில் நூற்றுக்கணக்கில் சேர்ந்தன.

கொலம்பியாவின் எழுத்தாளர் காப்ரியேல் கார்சியா மார்க்கேஸ், 1967-ல் வெளிவந்த தன் நாவலில் ஒரு ஊரையே மறதி பிடித்து ஆட்டுவதாக எழுதியிருக்கிறார். ஜனங்கள் ஒவ்வொரு பொருளின்மீதும் பெயர் எழுதி ஒட்டிவைப்பார்கள். கடைசியில் ஒரு நாடோடி கொண்டுவரும் மருந்தை ஒரு வாய் குடித்ததும் ஞாபகம் திரும்பிவிடும்.

நிஜத்திலும் ஒரு மருந்து வந்தது. பெயர் கிரெனிஸுமாப். அமெரிக்க அரசின் சுகாதார ஆராய்ச்சி அமைப்பு, அரிஸோனாவின் பானர் அல்ஸைமர் ஆராய்ச்சி நிலையம், ஜெனன்டெக் கம்பெனி, லோபெராவின் குழு எல்லோரும் சேர்ந்து, சுமார் பத்து கோடி டாலர் செலவில் 2013-ல் சோதனையைத் தொடங்கினார்கள். நோய் வருவதற்கு முன்பே மருந்து கொடுத்தால் தடுக்க முடியுமா என்பது கேள்வி. குடும்பத்தில் 252 பேர் சேர்ந்தார்கள்.

இங்கே ஒரு சிக்கல். கெட்ட ஜீன் உள்ளவர்களை மட்டும் கூப்பிட்டால், கூப்பிட்ட அன்றைக்கே அவர்களுக்கு விதி தெரிந்துவிடும்! எனவே ஜீன் இல்லாத 83 பேரையும் சேர்த்து, அவர்களுக்கு டம்மி ஊசி போட்டார்கள். ஜீன் உள்ள 169 பேரில் சிலருக்கு நிஜ மருந்து, சிலருக்கு டம்மி. யாருக்கு எது என்று யாருக்கும் தெரியாது. தனக்கு நோய் வரவே வராது என்பது தெரியாமல், அண்ணன் தங்கைகளுக்காக வருஷக்கணக்கில் ஊசி குத்திக்கொண்ட அந்த 83 பேரை நினைத்தால் எனக்குச் சிலிர்க்கிறது. கூடவே ஒரு உறுத்தலும் உண்டு. தெரிந்துகொள்ளும் உரிமை எங்களுக்கு இல்லையா என்று அந்தக் குடும்பத்து இளைஞர்கள் சிலர் கேட்டார்கள். கல்யாணம் செய்துகொள்ளலாமா, பிள்ளை பெறலாமா என்று தவிப்பவர்கள் கேட்கும் கேள்வி அது. டாக்டர்கள் தயங்கியதும் புரிகிறது, என்றாலும் நான் இளைஞர்கள் கட்சி.

2022 ஜூனில் முடிவு வந்தது. மருந்து நோயைக் குறிப்பிடும்படி தடுக்கவில்லை. கிட்டத்தட்ட ஒன்பது வருஷம்!

ஆனால், அதற்குள் இன்னொரு விஷயம் வெளியே வந்திருந்தது. கெட்ட ஜீன் இருந்தும், எழுபது வயது வரை ஞாபகம் தெளிவாக இருந்த ஒரு பெண்மணி அந்தக் குடும்பத்தில் இருந்தார். அவரை பாஸ்டனுக்கு அழைத்துப்போய் ஸ்கேன் எடுத்தார்கள். மூளை நிறைய அமிலாய்டு கசடு! ஆனால், நரம்புச் செல்களை நாசம் செய்யும் 'டௌ' என்ற இன்னொரு புரதம் மட்டும் கொஞ்சமாகத்தான் இருந்தது. காரணம், 'கிரைஸ்ட்சர்ச்' என்ற இன்னொரு அபூர்வ ஜீன் மாற்றம். அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என இரண்டு பிரதிகள் அவரிடம் இருந்தன. விஷம் இருந்த வீட்டிலேயே முறிவு மருந்தும் இருந்திருக்கிறது. 2019-ல் இது வெளியானது. 2020-ல் 77 வயதில் அவர் புற்றுநோயால் இறந்தபோது, அவர் மூளையையும் குடும்பத்தார் கொடுத்தார்கள்.

2024 ஜூனில் அடுத்த தகவல். கிரைஸ்ட்சர்ச் மாற்றத்தின் ஒரே ஒரு பிரதி உள்ள 27 பேரை அதே குடும்பத்தில் கண்டுபிடித்திருந்தார்கள். அவர்களுக்கு நோய் சராசரியாக ஐந்து வருஷம் தள்ளி வந்திருந்தது. இந்த ஜீன் செய்வதை ஒரு மருந்து செய்யுமா என்று எலிகளிடம் சோதனை நடக்கிறது.

மூன்று மாதம் கழித்து, செப்டம்பரில், லோபெரா 73 வயதில் காலமானார். மெடலினில் அவர் தொடங்கிய குழு இப்போதும் வேலை செய்கிறது. சாவுச் செய்தி வந்தால் கிளம்பிப் போகிறார்கள்.