ஓர் அங்குலம் இறங்க எத்தனை நிமிடம்?

மண்ணில் ஒரு குழி தோண்டித் தண்ணீர் ஊற்றுகிறோம். மட்டம் ஓர் அங்குலம் இறங்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று கடிகாரத்தை வைத்துப் பார்க்கிறோம். அவ்வளவுதான் சோதனை. சாக்கடைக் குழாய் போகாத ஊர்களில், ஒரு மனையில் வீடு கட்டலாமா கூடாதா என்பதை அமெரிக்காவில் பல பத்தாண்டுகளுக்கு இந்தக் குழிதான் முடிவு செய்தது. இதன் பெயர் பெர்கொலேஷன் டெஸ்ட். பேச்சு வழக்கில் ‘பெர்க் டெஸ்ட்’.

இது எதற்கு? செப்டிக் டேங்க் பாதி வேலையைத்தான் செய்யும். கனமான கசடு அடியில் தங்கும், கொழுப்பு மேலே மிதக்கும். நடுவில் உள்ள கலங்கல் தண்ணீர் எங்கேயாவது போயாகணும். 1895-இல் இங்கிலாந்தின் எக்ஸிட்டர் நகரில் தன் தொட்டிக்கு அந்தப் பெயரை வைத்த டொனால்ட் கேமரன் காலத்திலிருந்தே இந்தச் சிக்கல் உண்டு. தனி வீடுகளில் அந்தத் தண்ணீரைத் தோட்டத்து மண்ணுக்குள் விட்டார்கள். மண் எவ்வளவு குடிக்கும் என்று யாருக்கும் கணக்குத் தெரியாது. அளவுக்கு மீறினால் கழிவு புல்வெளியில் பொங்கி நிற்கும்.

1920களில் நியூயார்க் மாநிலத்தில் ஹென்ரி ரையன் என்ற பொறியாளர் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். ஏற்கெனவே கழிவுநீரை உறிஞ்சிக்கொண்டிருந்த நிலங்களுக்குப் போய், பக்கத்தில் ஓர் அடிக்கு ஓர் அடி குழி தோண்டி, தண்ணீர் ஊற்றி நேரம் பார்த்தார். அந்த நிமிடக் கணக்கையும் அந்த நிலம் உண்மையில் தாங்கிய கழிவுநீரின் அளவையும் சேர்த்து ஒரு வரைகோடு போட்டார். ரொம்ப நேர்மையான வேலை. அவர் எண்ணுக்குப் பின்னால் கண்ணால் பார்த்த நிலங்கள் இருந்தன.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் கதை மாறியது. ஊர் திரும்பிய வீரர்களுக்கு வீடு வேண்டும், அரசு வீட்டுக் கடனுக்கு உத்தரவாதம் தருகிறது, புறநகர்கள் வயல்களை விழுங்குகின்றன. குழாய் பதிக்கும் வேகத்தைவிட வீடு கட்டும் வேகம் அதிகம். ஒவ்வொரு மனைக்கும் சட்டென்று ‘ஆம், இல்லை’ சொல்ல ஏதாவது வேண்டியிருந்தது. அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை 1957-இல் வெளியிட்ட செப்டிக் டேங்க் கையேடு ரையனின் சோதனையைச் செப்பனிட்டு நாடு முழுக்கக் கொண்டுபோனது. முதலில் குழியை ஊறவிடு, பிறகு அள. ஓர் அங்குலத்துக்கு 60 நிமிடத்துக்கு மேல் ஆனால் அந்த மண் ஆகாது.

சரி, வேகமாக இறங்கினால்? கையேட்டின் அட்டவணைப்படி, 60 நிமிடம் எடுக்கும் மண்ணில் ஒரு படுக்கையறைக்கு 330 சதுர அடி உறிஞ்சும் பரப்பு வேண்டும். ஒரே நிமிடத்தில் இறங்கும் மணலுக்கு 70 சதுர அடி போதும். அதாவது எவ்வளவு வேகமோ அவ்வளவு நல்ல மண்.

இங்கேதான் இடித்தது. நியூயார்க்குக்குக் கிழக்கே லாங் ஐலண்ட் முழுக்க மணல். 1947-இல் தொடங்கிய லெவிட்டவுனின் ஆயிரக்கணக்கான வீடுகள் கழிவைக் குழிகள் வழியாக அந்த மணலுக்குள்தான் விட்டன. அந்தத் தீவின் குடிநீரும் அதே மணலுக்கு அடியில்தான் இருக்கிறது. கொஞ்ச வருடங்களில் சஃபோக் கவுண்டியில் சமையலறைக் குழாயைத் திறந்தால் நுரை வந்தது. அன்றைய சலவைத்தூளின் ரசாயனம் மண்ணில் சிதையாமல் நேராகக் கிணற்றுக்குப் போயிருந்தது. நுரை இருந்ததால் கண்ணுக்குத் தெரிந்தது. கூடவே வந்த நைட்ரேட்டுக்கு நிறமும் இல்லை, நுரையும் இல்லை. மெதுவாக இறங்கினால்தான் மண் வடிகட்டும். வேகமான மணல் வெறும் குழாய்.

மெதுவான மண்ணிலும் சோதனை ஏமாற்றியது. குழியில் ஊற்றுவது நல்ல தண்ணீர், வருடக்கணக்கில் வருவதோ கழிவுநீர். அது இறங்குகிற இடத்தில் பாக்டீரியாக்கள் கறுத்த, வழவழப்பான ஒரு படலத்தைக் கட்டிவிடும். அதன்பிறகு தண்ணீர் எவ்வளவு போகும் என்பதைப் பெரிதும் அந்தப் படலம்தான் தீர்மானிக்கும். 1970களில் விஸ்கான்சின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை விரிவாக அளந்தார்கள். அதோடு, கோடையில் தோண்டிய குழிக்கு மழைக்கால நீர்மட்டம் தெரியாது. மண்ணுக்குத் தெரியும். வருடத்தில் சில மாதம் நீர் நின்ற அடுக்கில் இரும்பு கரைந்து இடம்பெயர்ந்து, சாம்பலும் துருவுமாகத் திட்டுகள் படிந்திருக்கும். ஆள் இறங்கும் அளவுக்குக் குழி தோண்டி அந்த நிறங்களைப் படிக்கும் முறைக்குப் பல மாநிலங்கள் பிற்பாடு மாறின.

என் தொழிலில் தினமும் டெஸ்ட் எழுதுகிறோம். எல்லாம் பச்சை காட்டினால் ஒரு நிம்மதி. ஆனால் எந்த டெஸ்டும் தன்னிடம் கேட்ட கேள்விக்கு மட்டும்தான் பதில் சொல்லும். ரையன் கேட்டது ‘இந்த நிலம் எவ்வளவு தாங்கும்?’. அதை வாங்கிக்கொண்ட அலுவலகங்களும் கட்டுமானக்காரர்களும் கேட்டது ‘இங்கே கட்டலாமா?’. ‘பக்கத்து வீட்டுக் கிணறு என்ன ஆகும்?’ என்ற கேள்வி அந்தக் குழிக்குள் இல்லவே இல்லை.

இந்திய தர நிர்ணயமான ஐஎஸ் 2470-இலும் இதே சோதனை இருக்கிறது. அங்கே மட்டம் 25 மில்லிமீட்டர் இறங்கும் நேரத்தை அளக்கிறார்கள். மீட்டர் அளவுக்கு மாறிய பிறகும் ரையனின் அங்குலம் அப்படியே இருக்கிறது. போர்வெல்லும் செப்டிக் டேங்க்கும் ஒரே மனையில் இருக்கும் ஊர்கள் நமக்கு எத்தனை! அங்கே தண்ணீர் சர்ரென்று இறங்கினால் ‘நல்ல மண்ணுங்க’ என்று சொல்வதற்கு முன்னால், அது எங்கே போகிறது என்று ஒருமுறை கேட்கலாம்.