உடனடி நீர்ச்சூடேற்றி உறைதல்

தொட்டி இல்லாமல், ஓடுகிற தண்ணீரை ஓட்டத்திலேயே சூடாக்கித் தரும் கருவி உடனடி நீர்ச்சூடேற்றி. இதன் மெல்லிய குழாய்களில் தேங்கிய நீர் கடுங்குளிரில் பனிக்கட்டியாகி, வழியை அடைப்பதும் குழாயைப் பிளப்பதும் உறைதல் எனப்படும். வட அமெரிக்கா, ஐரோப்பா, ஜப்பான், வட சீனம் ஆகிய இடங்களில் இது குளிர்காலந்தோறும் வரும் தொல்லை. இந்தியாவில் லடாக், காஷ்மீர், இமாச்சலப் பிரதேசத்தின் மேட்டுப் பகுதிகள் இதற்கு உட்பட்டவை. தமிழ்நாட்டில் நீலகிரியின் உறைபனிப் பள்ளங்கள் போன்ற சில மலையிடங்களைத் தவிர வேறெங்கும் இதற்கு இடமில்லை. கர்நாடக எல்லையை ஒட்டிய ஒசூர், கிருஷ்ணகிரித் தொழிற்பகுதியில் கீசர் உறைவதில்லை. ஆனால் அதே குழாய் அங்கே வேறு காரணங்களால் அடைபடுகிறது. அங்கிருந்து வேலைக்காகக் குளிர்நாடுகளுக்குப் போகிறவர்களும் உண்டு. எனவே அப்பகுதியும் இங்கே சேர்த்துப் பேசப்படுகிறது.

வரலாறு

உடனடி நீர்ச்சூடேற்றியைக் கண்டுபிடித்தவர் லண்டனில் அலங்கார ஓவியத் தொழில் செய்துவந்த பெஞ்சமின் வாடி மௌகன். 1868இல் காப்புரிமை பெற்ற தம் கருவிக்கு ஐஸ்லாந்து வெந்நீர் ஊற்றின் பெயரால் 'கீசர்' என்று பெயரிட்டார். மேலிருந்து கம்பிகளின் மேல் வழிந்து இறங்கிய குளிர்நீரை, கீழே எரிந்த எரிவாயுவின் சூட்டுப்புகை நேராகத் தொட்டுச் சூடாக்கியது. புகைபோக்கி கிடையாது. எரிந்த வாயு முழுவதும் குளியலறைக்குள்ளேயே தங்கியது. இந்த ஆபத்து கருவியோடு கூடவே பிறந்தது. 150 ஆண்டுகள் கடந்தும் அது தீரவில்லை என்பதைக் கீழே காணலாம்.

நார்வேயிலிருந்து அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் குடியேறிய பொறியாளர் எட்வின் ரூட் 1889இல் தானாக இயங்கும் தொட்டி வகையை உருவாக்கினார். அமெரிக்க வீடுகள் பெரும்பாலும் தொட்டியின் பக்கமே நின்றன. ஐரோப்பா உடனடி வகையை வளர்த்தது. ஜெர்மனியின் டெசாவ் நகரில் 1895இல் ஹியூகோ யுங்கர்ஸ் தொடங்கிய நிறுவனம் எரிவாயுக் குளியல் கருவிகளைச் செய்து விற்றது. 1915இல் பறந்த முழு உலோக விமானமான ஜே 1ஐ உருவாக்கியவரும் இவரே. கீசர் தொழிலின் வருமானம் அவருடைய விமான ஆராய்ச்சிக்குக் கைகொடுத்தது. அவரது எரிவாயுக் கருவிப் பிரிவை 1932இல் பாஷ் நிறுவனம் வாங்கியது. மின்சார வகையில் தியோடர் ஸ்டீபெல் 1924இல் பெர்லினில் தொடங்கிய நிறுவனம் முன்னோடி.

உறைதலுக்கு முறையான தீர்வு கண்ட பெருமை சூரிய வெப்பக் கருவிக்கு உரியது. பால்டிமோரின் கிளாரன்ஸ் கெம்ப் 1891இல் சூரிய நீர்ச்சூடேற்றிக்குக் காப்புரிமை பெற்றார். அதில் தொட்டியே வெயிலில் கிடந்தது. இரவில் சூடு போய்விடும். கலிபோர்னியாவின் வில்லியம் பெய்லி 1909இல் சூடாக்கும் பகுதியையும் தொட்டியையும் பிரித்தார். கண்ணாடிப் பெட்டிக்குள் செப்புத் தகட்டோடு பிணைத்த மெல்லிய குழாய்கள் கூரையில். சூடு காக்கும் தொட்டி வீட்டுக்குள். இன்றைய மொட்டைமாடி சோலாரின் அடிப்படை அமைப்பு அதுதான். 1913 ஜனவரியில் தெற்குக் கலிபோர்னியாவை எதிர்பாராத கடுங்குளிர் தாக்கியபோது அந்த மெல்லிய குழாய்கள் உறைந்து வெடித்தன. பெய்லி குழாய்களைத் தடிமனாக்கப் போகவில்லை. உறையக்கூடிய நீரையே அங்கிருந்து நீக்கிவிட்டு, ஆல்கஹால் கலந்த நீரைத் தனிச் சுற்றில் ஓடவிட்டு, தொட்டிக்குள் வைத்த சுருள்குழாய் வழியே வெப்பத்தை மட்டும் குடிநீருக்கு மாற்றினார். குளிர்நாட்டுச் சூரியக் கருவிகள் இன்றும் இதே வழியில்தான் இயங்குகின்றன. ஆல்கஹாலின் இடத்தில் கிளைக்கால் வந்திருக்கிறது.

தென்னிந்தியாவில் இவற்றுக்கெல்லாம் முன்பிருந்தே அண்டாவும் வெந்நீர் அடுப்பும் இருந்தன. ஒசூர்ப் பக்கத்துக் கன்னட வீடுகளில் குளியலறை மூலையில் அடுப்போடு சேர்த்துப் பதித்த செம்பு ஹண்டே இருக்கும். தமிழ் வீடுகளில் நடுக்குழலில் கரி போட்டு எரிக்கும் செம்பு பாய்லர் வந்தது. குழலைச் சுற்றி நீர், அடியில் சாம்பல் தட்டு, பக்கத்தில் பித்தளைக் குழாய். உறையும் ஊரில் வைத்தாலும் இந்த பாய்லருக்கு ஒன்றும் ஆகியிருக்காது. குளித்து முடித்ததும் அதைக் காலி செய்துவிடுவார்கள்.

வகைகள்

மின்சார வகையில் இந்தியக் கடைகளில் 'இன்ஸ்டன்ட் கீசர்' என விற்பவை 1 லிட்டர் அல்லது 3 லிட்டர் கலமும் பெரும்பாலும் 3 கிலோவாட் காயிலும் கொண்டவை. கலம் இருப்பதால் இவற்றைத் தொட்டியில்லா வகையில் சேர்க்கக் கூடாது என்பாருண்டு. பயன்பாட்டில் இவை உடனடி வகையே. எரிவாயு வகை இந்தியாவில் நிமிடத்துக்கு 5, 6 லிட்டர் அளவில் கிடைக்கிறது. குழாயைத் திறந்ததும் நீரின் அழுத்தம் உள்ளே ஒரு ரப்பர் சவ்வைத் தள்ள, வாயு திறக்கும். 2 டார்ச் பேட்டரிகள் தரும் பொறியில் தீ பற்றும். அமெரிக்க, ஜப்பானிய வீட்டு வகை பெரியது. முழு வீட்டுக்கும் ஒன்றே போதும் என்ற அளவில் 58 கிலோவாட் வரை எரியும். அங்கே அதை வெளிச்சுவரில் மாட்டுவதும் உண்டு. உறைவது பெரும்பாலும் அப்படி மாட்டியவைதான்.

உறையும் விதம்

நீர் உறையும்போது அதன் கன அளவு சுமார் 9 விழுக்காடு கூடுகிறது. பனிக்கட்டி நின்ற இடத்தில்தான் குழாய் வெடிக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் பனிக்கட்டி ஓர் அடைப்பானாக வளர்ந்து, தனக்கும் மூடிய குழாய்வாய்க்கும் நடுவே சிக்கிய நீரை நெருக்குகிறது. போக வழியில்லாத அந்த நீர்தான் செப்புக் குழாயின் வளைவையோ இணைப்பையோ பிளக்கிறது. வெளிக்காற்று மைனஸ் 7 டிகிரி செல்சியஸ் அளவுக்கு இறங்கும்போது காப்பில்லாத குழாய்களுக்கு ஆபத்து தொடங்குகிறது என அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வு காட்டியது. காற்று பட்டால் அதற்கு முன்பே உறையும்.

உடனடி வகைக்கென்று தனிப் பலவீனம் ஒன்று உண்டு. நெருப்பின் சூட்டை வாங்கிக்கொள்வதற்காக மெல்லிய செப்புத் தகடுகள் கோத்த பகுதி, சூட்டை இழப்பதிலும் அதே வேகம் காட்டும். அது புகைபோக்கிக்கு நேர் கீழே இருக்கிறது. வீட்டுக்குள் சமையலறை எக்ஸாஸ்ட் விசிறி ஓடினால், வெளியே தள்ளிய காற்றுக்கு ஈடாகப் புகைபோக்கி வழியே குளிர்காற்று இறங்கி அந்தத் தகடுகளில் மோதும். வீடு கதகதப்பாக இருக்கும்போதே கீசர் உறைவது இப்படித்தான்.

2021 பிப்ரவரியில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் இதைப் பெரிய அளவில் கண்டது. மிதமான தட்பவெப்பத்தை நம்பிக் கட்டிய வீடுகளில் கருவிகள் வெளிச்சுவர்களில் இருந்தன. பனிப்புயலில் 40 லட்சத்துக்கும் அதிகமான வீடுகளுக்கு மின்சாரம் நின்றது. உறைதலைத் தடுக்கக் கருவிக்குள் வைத்திருந்த சிறு மின்சூடேற்றிகளும் கூடவே நின்றன. டாலஸ், ஹூஸ்டன், ஆஸ்டின் நகரங்களில் குடியிருக்கும் தமிழர்களும் இதில் அகப்பட்டார்கள்.

தடுத்தல்

நான்கு வழிகள் சொல்லப்படுகின்றன: குழாய்களுக்கு உறை சுற்றுதல், வெப்பக் கம்பி சுற்றுதல், இரவு முழுவதும் வெந்நீர்க் குழாயைச் சொட்டவிடுதல், நீரை முற்றிலும் வடித்துவிடுதல். உறை குளிரைத் தாமதப்படுத்துமே தவிரத் தடுக்காது. வெப்பக் கம்பிக்கும் கருவியின் உள்சூடேற்றிக்கும் மின்சாரம் வேண்டும். கருவிக்குள் இருப்பது வெளியே நீளும் குழாய்களைக் காக்கவும் செய்யாது. சொட்டவிடுவது மிதமான குளிருக்குப் போதும். ஆனால் அந்தச் சிறு ஓட்டத்தில் தீ பற்றாது. வடித்துவிடுதலே நம்பத்தக்கது. நீர் இல்லாத குழாயில் உறைய ஒன்றுமில்லை.

வடிக்கும் முறை எளிது. முதலில் எரிவாயுவையும் மின்சாரத்தையும் நிறுத்த வேண்டும். பிறகு குளிர்நீர் வால்வை மூடி, வீட்டின் வெந்நீர்க் குழாய்கள் எல்லாவற்றையும் திறக்க வேண்டும். கருவியின் அடியில் உள்ள வடிகால் மூடியைத் திருகி, கீழே ஒரு பக்கெட் வைத்தால் மிச்சமும் இறங்கிவிடும். உள்நுழைவில் உள்ள வடிகட்டியையும் கழற்றிவிடுவது நல்லது. அதில் தேங்கும் சிறிதளவு நீரே அதன் கூட்டை உடைக்கும். இந்தியாவில் விற்கும் எரிவாயு கீசர்கள் பலவற்றிலும் குளிர்நீர் இணைப்புக்குப் பக்கத்தில் விரலால் திருகக்கூடிய சிறு மூடி உண்டு. அழுத்தம் மிஞ்சினால் நீரை வெளியேற்றுவதும், உறைகுளிரில் வடிப்பதும் அதன் வேலை. ஒசூர்க் குளியலறைகளில் மாட்டிய நாள் முதல் யாரும் தொடாமல் கிடக்கும் மூடி அதுதான்.

லடாக்கின் லேவில் குளிர்காலத்தில் குழாய்நீரையே நிறுத்திவிட்டு, விருந்தினருக்குப் பக்கெட்டில் வெந்நீர் கொடுக்கும் விடுதிகள் பல. 3,500 மீட்டர் உயரத்தில் வாழ்வோர் அனுபவத்தில் கண்ட முடிவும் வடித்துவிடுவதே.

உருக்குதல்

குழாயைத் திறந்தும் நீர் வரவில்லை, இரவு கடுங்குளிர் என்றால் உறைந்துவிட்டதாகக் கொண்டு, உடனே மின்சாரத்தையும் வாயுவையும் அணைக்க வேண்டும். நீர் ஓடாத கருவியில் தீயோ காயிலோ எரிந்தால் கருவி பாழ். வெந்நீர்க் குழாயைச் சிறிது திறந்து வைத்து, அறையைச் சூடாக்கி, கருவியின் முன்மூடியைக் கழற்றிக் காற்றுப் படவிட வேண்டும். வெளிக்குழாயில் முடி உலர்த்தியின் சூட்டையோ வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியையோ குழாய்வாய்ப் பக்கமிருந்து உள்நோக்கிக் காட்டிவர வேண்டும். பனிக்கட்டி உருக மட்டுமே அதே எடை நீரை 80 டிகிரி சூடாக்கும் அளவு வெப்பம் தேவை. எனவே பல மணி நேரம் ஆகும். கொதிநீர் ஊற்றுவதும், ஸ்டவ் அல்லது புளோ லாம்ப் தீயைக் காட்டுவதும் கூடவே கூடாது. நீர் ஓடத் தொடங்கியதும் வால்வைப் பாதி மட்டும் திறந்து ஒவ்வோர் இணைப்பிலும் கசிவு பார்த்த பிறகே மின்சாரம் தர வேண்டும். விரிசல் உறைந்திருக்கும்போது தெரியாது. உருகிய பிறகுதான் பீய்ச்சும்.

குளிர்மலைகளில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். சமையல் எரிவாயு என்பது பியூட்டேன், புரொபேன் கலவை. பியூட்டேன் மைனஸ் 0.5 டிகிரிக்குக் கீழே ஆவியாகாது. சிலிண்டர் குளிர்ந்து தீ மங்கினால் கீசர் உறைந்ததாகத் தவறாக எண்ணுவதுண்டு.

ஒசூர், கிருஷ்ணகிரிப் பகுதி

ஒசூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் உள்ளது. தளி இன்னும் சற்று உயரம். 'குட்டி இங்கிலாந்து' என்று பெயர் பெற்றது. சூளகிரி தாண்டிக் கிருஷ்ணகிரிக்கு இறங்கினால் உயரம் சுமார் 500 மீட்டர்தான், குளிரும் குறையும். ஒசூரிலிருந்து 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெங்களூரில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 7.8 டிகிரி, அதுவும் 1884 ஜனவரியில். ஆகவே இப்பகுதியில் உறைதல் பற்றிய பேச்சுக்கு இடமில்லை.

ஆயினும் மார்கழி, தை மாத அதிகாலையில் ஷிப்டுக்குக் கிளம்புகிறவருக்குக் கீசர் மக்கர் செய்வது உண்மை. முதல் காரணம் கணக்கிலேயே இருக்கிறது. 3 கிலோவாட் கருவி, கோடையில் மாடித் தொட்டியிலிருந்து 28 டிகிரியில் வரும் நீரை 40 டிகிரிக்கு ஏற்றும்போது நிமிடத்துக்கு மூன்றரை லிட்டர் தரும். ஜனவரியில் நீர் 15 டிகிரியில் வந்தால் ஒன்றே முக்கால் லிட்டர்தான் தரும். கருவியில் பழுதில்லை, குழாயைக் குறைத்துத் திறந்தால் போதும். அடுத்தது உப்பு. இப்பகுதியின் ஆழ்துளைக் கிணற்று நீர் கடினமானது. சூடு ஏற ஏறச் சுண்ணாம்பு கரைந்திருக்க மாட்டாமல் செப்புக் குழாயின் உள்சுவரில் வெள்ளையாகப் படிகிறது. ஓட்டம் குறைகிறது, சவ்வு தள்ளப்படுவதில்லை, தீ பற்றுவதில்லை. அடையாளம் எல்லாம் உறைதலைப் போலவே இருக்கும். மருந்து மட்டும் வேறு: சிட்ரிக் அமிலக் கரைசலை உள்ளே சுற்றவிட்டுக் கழுவ வேண்டும். பேட்டரி தீர்ந்திருப்பதும் ஒரு காரணம்.

இப்பகுதியில் குளிரோடு வரும் உயிராபத்து உறைதலால் அல்ல. குளிர்காற்று புகாமலிருக்கக் குளியலறை ஜன்னலையும் காற்றுத் துளையையும் அட்டையால் அடைத்துவிட்டு எரிவாயு கீசரைப் போடுவதால் வருவது. ஆக்சிஜன் குறையும்போது கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது. அதற்கு நிறமும் மணமும் இல்லை. குளிக்கப்போனவர் மயங்கி விழுவதும், வலிப்பு வந்ததாகக் கொண்டுவரப்படுவதும், இறந்துபோவதும் இந்திய மருத்துவ இதழ்களில் திரும்பத் திரும்பப் பதிவாகியுள்ளன. நெருக்கமான லைன் வீடுகளின் பொதுக் குளியலறைகளில் இந்தக் கருவியைக் கதவுக்கு வெளியே மாட்டுவதே சரி.

நீலகிரியில் நிலைமை வேறு. 2,240 மீட்டர் உயரத்திலுள்ள ஊட்டியில், குறிப்பாகத் தலைகுந்தா, காந்தல் போன்ற பள்ளங்களில், டிசம்பர் முதல் பிப்ரவரி வரை உறைபனி விழும். மேகமில்லாத இரவில் கூரையின் தட்டை சோலார் தகடு தன் வெப்பத்தை நேராக வானத்துக்கு இழப்பதால், காற்று 4, 5 டிகிரியில் இருக்கும்போதே அதனுள் நீர் உறையக்கூடும். அங்கு வெற்றிடக் கண்ணாடிக் குழல் வகையே ஏற்றது. அதை வைத்தாலும் கூரையில் ஓடும் இணைப்புக் குழாய்களுக்கு உறை வேண்டும்.

இன்றைய நிலை

மின்சார உடனடி வகைக்கு ஐஎஸ் 8978, சிறு எரிவாயு வகைக்கு ஐஎஸ் 15558 ஆகியவை இந்தியத் தரக் குறியீடுகள். கர்நாடகத்தைத் தொடர்ந்து ஒசூரிலும் சோலார் பரவியுள்ளது. ஹீட் பம்ப் வகையும் சந்தைக்கு வந்துவிட்டது.