இருளைப் படம்பிடித்த கருவி

பகலில் காட்டைக் கண்டவர் பலர். இரவுக் காட்டைக் கண்டவர் மிகச் சிலர். புலி இரை தேடி நடக்கும் வேளையில் மனிதன் உறங்குகின்றான். விழித்திருந்தாலும் அவன் கண்ணுக்கு இருளே புலனாகின்றது. அவ்விருளைத் திறந்து காட்டிய கருவியின் வரலாறு ஒரு வேட்டைக்காரரிடமிருந்து தொடங்குவது வியப்பிற்குரியது.

அவர் பெயர் ஜார்ஜ் ஷிராஸ். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 1859ஆம் ஆண்டு பிறந்த வழக்கறிஞர். இளமையில் மிச்சிகன் மாநிலத்தின் ஏரிகளில் இரவு வேளையில் மான் வேட்டையாடி வந்தார். ஓடத்தின் முன்புறம் விளக்கை ஏற்றினால், கரையில் நிற்கும் மான் திகைத்து நிற்கும், அதன் கண்கள் இருளில் மின்னும், குறி தவறாது. ஓஜிப்வே பழங்குடியினர் கையாண்டு வந்த முறை அது. 1889ஆம் ஆண்டு வாக்கில் ஷிராஸ் துப்பாக்கியை விடுத்துப் புகைப்படக் கருவியை ஏந்தினார். ஓடமும் விளக்கும் மாறவில்லை. வெடிமருந்துக்குப் பதிலாக மக்னீசியத் தூள் ஒளிர்ந்தது. மானும் உயிரோடு காடு திரும்பியது.

அதனோடு அவர் அமையவில்லை. விலங்கு வரும் வழியில் நூலொன்றைக் கட்டிக் கருவியோடு பிணைத்தார். நூல் இழுபட்டதும் ஒளி பிறந்தது, படம் பதிந்தது. அருகில் மனிதர் எவருமின்றி விலங்கு தன்னைத் தானே படம்பிடித்துக்கொண்டது! 1906ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் நேஷனல் ஜியோகிராபிக் இதழ் அவருடைய 74 படங்களை வெளியிட்டது. நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்த அவர், வலசை செல்லும் பறவைகளைக் காக்க 1904ஆம் ஆண்டு மசோதா ஒன்றைக் கொணர்ந்தார். அஃது அன்று நிறைவேறவில்லையாயினும், அக்கருத்து 1913ஆம் ஆண்டு சட்டமாயிற்று.

இந்தியாவில் வனத்துறை அதிகாரி எப். டபிள்யூ. சாம்பியன் 1920களில் இதே முறையில் காட்டுப் புலிகளை இரவில் படம்பிடித்தார். ஒரு புலியின் வரிகள் மற்றொன்றின் வரிகளை ஒத்திருப்பதில்லை என்பதை அப்படங்கள் புலப்படுத்தின. இவ்வுண்மையின் முழுப் பயன் விளைய எழுபது ஆண்டுகள் ஆயின. அதுவரை காலடித் தடங்களைக் கொண்டே புலிகள் எண்ணப்பட்டன. உல்லாஸ் கரந்த் என்னும் அறிஞர் கர்நாடகத்தின் நாகரஹொளேக் காட்டில் தானியங்கிக் கருவிகளை அமைத்து, வரிகளால் புலிகளை அடையாளங்கண்டு, எண்ணிக்கையை மதிப்பிடும் முறையை 1995ஆம் ஆண்டு வெளியிட்டார்.

எண்ணும் முறையில் இத்துணைக் கவலை எதற்கு என்று மாணவர் வினவலாம். இராஜஸ்தானத்துச் சரிஸ்காக் காடு அதற்கு விடை கூறும். காலடித் தடக் கணக்கில் அங்குப் புலிகள் இருந்தன; 2005ஆம் ஆண்டு தேடியபொழுது காட்டில் ஒன்றுகூட இல்லை.

நம் நாட்டிலும் 2016 முதல் 2020 வரை தேசியப் புலிக் கணக்கெடுப்பில் இக்கருவியே துணைநின்றது. தீபகற்ப மலேசியக் காடுகளில் எஞ்சியுள்ள புலிகள் 150க்கும் குறைவு என்னும் செய்தி 2022ஆம் ஆண்டு வெளிவந்தது. அதே காட்டுத் தடங்களில் திருட்டு வேட்டைக்காரர்கள் கம்பிக் கண்ணிகளையும் வைக்கின்றனர். ஷிராஸின் நூல் விலங்கைப் படமாக்கியது. இக்கம்பி அதனைப் பிணமாக்குகின்றது.

கருவி உண்மையைக் காட்டும், காப்பாற்றாது. காக்க வேண்டியவர் மனிதரே. துப்பாக்கியைக் கீழே வைத்த அந்த வேட்டைக்காரரின் மனமாற்றம், கருவியினும் பெரிய கண்டுபிடிப்பு எனலாம்.