நாட்பட்ட நோயும் சிறார் படப்புத்தகங்களும்

நாட்பட்ட நோயுள்ள சிறு குழந்தைக்கும், அப்படிப்பட்ட ஒருவரோடு ஒரே வீட்டிலோ வகுப்பிலோ இருக்கும் குழந்தைக்கும் அந்த நோயையும் அதன் அன்றாடச் சிகிச்சையையும் படங்களாலும் சில வரிகளாலும் சொல்லும் நூல்கள் சிறார் இலக்கியத்தில் ஒரு தனிப்பிரிவாக வளர்ந்துள்ளன. பெரும்பாலும் 3 முதல் 8 வயது வரையுள்ளவர்களுக்கு, பெரியவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக் காட்டுவதற்காக எழுதப்படுபவை இவை. ஆஸ்துமா, வலிப்பு, ரத்தப் புற்றுநோய், எச்ஐவி எனப் பல நோய்களுக்கும் இத்தகைய நூல்கள் உண்டு. இவ்வகை நூல்களின் சிக்கல்கள் அனைத்தையும் ஒருசேரக் காட்டுவது முதல் வகை நீரிழிவு (டைப் 1) என்பதால், இக்கட்டுரை அதையே முதன்மை எடுத்துக்காட்டாகக் கொள்கிறது.

குழந்தை கட்டிக்கொள்ளும் காரணம்

யாரும் எதுவும் சொல்லாவிட்டாலும் குழந்தை தன் நோய்க்கு ஒரு காரணத்தைத் தானே கட்டிக்கொள்கிறது. தப்பு செய்தவனைத் தண்டனை தானாகத் தேடி வரும் என்று சிறு குழந்தைகள் நம்புவதை ழான் பியாஜே 1932இல் வெளியான நூலில் விவரித்தார். அமெரிக்க உளவியலாளர்கள் ரோஜர் பிபேஸும் மேரி வால்ஷும் 1980இல், நோய் எப்படி வருகிறது என்பதற்குக் குழந்தைகள் சொல்லும் விளக்கங்களை வயதுவாரியாக வகைப்படுத்தினர். நான்கு வயதுக் குழந்தைக்கு நோயாளியின் பக்கத்தில் நின்றதே நோய் வரப் போதுமான காரணம். ஏழு வயதை ஒட்டி அழுக்கைத் தொட்டது, செய்யக்கூடாததைச் செய்தது ஆகியவை காரணமாகின்றன. உடலுக்குள் ஓர் உறுப்பு சரியாக இயங்கவில்லை என்ற விளக்கம் பதினொரு வயதுவாக்கில்தான் வருகிறது. இந்தப் படிநிலைகள் அவ்வளவு இறுக்கமானவை அல்ல என்றும், எடுத்துச் சொன்னால் சின்னக் குழந்தைகளும் இன்னும் கூடுதலாகப் புரிந்துகொள்வார்கள் என்றும் பின்வந்தவர்கள் மறுத்தனர்.

சொல்லாமல் மறைப்பது காப்பாற்றுவதில்லை என்பதற்குச் சான்று மைரா புளூபாண்ட்-லாங்னரின் 1978ஆம் ஆண்டு நூல். ரத்தப் புற்றுநோயால் மருத்துவமனையில் இருந்த 3 முதல் 9 வயதுக் குழந்தைகளோடு பழகி எழுதியது அது. பெரியவர்கள் மூடி மறைத்தபோதும் தங்கள் நிலை என்னவென்று அந்தக் குழந்தைகள் அறிந்திருந்தனர். தங்களுக்குத் தெரியும் என்பதைப் பெற்றோருக்காக மறைத்துக்கொண்டும் இருந்தனர்.

எனவே படப்புத்தகத்தின் முதல் வேலை உடற்கூறு சொல்லித் தருவது அன்று. "நீ செய்த எதனாலும் இது வரவில்லை", "தொட்டால் ஒட்டாது" என்னும் இரண்டையும் ஐயமின்றிச் சொல்வதே. முதல் வகை நீரிழிவில், உடலின் நோய் எதிர்ப்பாற்றல் கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களைத் தானே அழித்துவிடுகிறது. தின்ற மிட்டாய்க்கும் அதற்கும் தொடர்பில்லை. ஆனால் பார்க்க வரும் உறவினர், "கண்ட சாக்லேட்டையும் வாங்கிக் கொடுத்தா இப்படித்தான்" என்று குழந்தையின் எதிரிலேயே சொல்லிவிட்டுப் போகிறார். கணையத்தின் படத்தை வரைந்து முடித்து, பன்னிரண்டாம் பக்கத்தில் 'உன் தப்பு இல்லை' என்று சொல்லும் புத்தகம் அந்த உறவினருக்குப் பிந்தித்தான் வந்து சேர்கிறது.

முடியாத நோய், முடிய வேண்டிய கதை

இவற்றுக்கு முன்னோடி மருத்துவமனைக் கதைகள். லுட்விக் பெமெல்மன்ஸின் 'மேடலைன்' (1939) குடல்வால் அறுவைக்குப் போன சிறுமியின் கதை. அவளது தழும்பைப் பார்த்துவிட்டு மற்றச் சிறுமிகளும் தங்களுக்கும் அறுவை வேண்டுமென்று அழுவார்கள். பிரிட்டனில் ஜேம்ஸ் ராபர்ட்சன் 1952இல் எடுத்த ஆவணப்படமும் 1959ஆம் ஆண்டின் பிளாட் அறிக்கையும், பெற்றோரைப் பிரிந்து மருத்துவமனையில் கிடக்கும் குழந்தையின் துயரத்தைக் கவனத்துக்குக் கொண்டுவந்தன. குழந்தையை முன்கூட்டியே தயார்ப்படுத்த வேண்டும் என்ற எண்ணமும் அக்காலத்தில் வலுப்பெற்றது. 1966இல் வந்த 'கியூரியஸ் ஜார்ஜ் கோஸ் டு த ஹாஸ்பிட்டல்' பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையின் ஒத்துழைப்போடு உருவானது. புதிர்ப்படத்தின் ஒரு துண்டை விழுங்கிவிடும் ஜார்ஜ் என்ற குரங்கு சிகிச்சை முடிந்து வீடு திரும்புகிறது.

போனான், குணமானான், வந்தான். இந்தச் சட்டகம் நாட்பட்ட நோய்க்குப் பொருந்தாது. கதை முடிந்தாக வேண்டும், நோய் முடியப்போவதில்லை. இவ்வகை நூல்களின் தரத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் இந்த முரணை ஆசிரியர் எப்படிக் கையாளுகிறார் என்பதே. 'பீனட்ஸ்' கார்ட்டூன் குழுவினரின் 'ஒய், சார்லி பிரவுன், ஒய்?' (1990) தொலைக்காட்சிப் படமாகவும் புத்தகமாகவும் வந்தது. ரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சையில் முடி உதிர்ந்த ஜானிஸ், மீண்டும் முடி வளர்ந்து திரும்புவதோடு அது முடிகிறது. அந்த நோயில் மீள்வது உண்டு, ஆகவே அம்முடிவு நேர்மையானது. நீரிழிவுக் கதைக்கு அதைக் கடன் வாங்க முடியாது.

முடிவு கிடைக்காத ஆசிரியர்கள் அடிக்கடி நாடுவது வீரக் குழந்தையை. சூ கான்ஸ்-ஷ்மிட் எழுதிய 'ஈவன் சூப்பர்ஹீரோஸ் கெட் டயபடீஸ்' (2007) என்ற தலைப்பே அந்த வழியைக் காட்டும். பிள்ளைகளுக்கு அது பிடிக்கிறது என்பதும் உண்மைதான். ஆனால் ஊசியைக் கண்டு அழும் நாளில் தான் வீரன் இல்லையோ என்று குழந்தைக்குத் தோன்ற இடமுண்டு. இதைவிட உறுதியான வழி, கதையை ஒரே நாளுக்குள் அடக்கிவிடுவது. காலையில் விரலில் குத்தி ரத்தம் பார்ப்பது, சாப்பாட்டுக்கு முன் ஊசி, பள்ளி, விளையாட்டு, இரவு ஊசி, தூக்கம். நாள் முடிகிறது, கதையும் முடிகிறது, பொய்யும் இல்லை.

நீரிழிவு நூல்கள்

நாட்பட்ட நோயுள்ள மகன்களின் தாயான கிம் காஸலின் எழுதிய 'டேக்கிங் டயபடீஸ் டு ஸ்கூல்', நோயுள்ள சிறுவனே வகுப்புத் தோழர்களிடம் பேசும் வடிவில் அமைந்தது. கடைசியில் மாணவர்களுக்கு ஒரு வினாவிடையும் ஆசிரியர்களுக்குப் பத்துக் குறிப்புகளும் இருக்கும். ஆஸ்துமா, வலிப்பு முதலியவற்றுக்கும் இதே வரிசையில் நூல்கள் வந்தன. ரூஃபஸ் என்ற கரடிப் பொம்மையின் கதையான 'ரூஃபஸ் கம்ஸ் ஹோம்' நூலும் இவர் எழுதியதே. வயிறு, தொடை, கை என ஊசி போடும் இடங்களில் அந்தப் பொம்மைக்கு வண்ணத் துணி ஒட்டுகள் தைக்கப்பட்டிருக்கும். தனக்குப் போடும் முன் குழந்தை ரூஃபஸுக்குப் போட்டுவிடலாம். 2011இல் டிஸ்னியும் இன்சுலின் தயாரிப்பு நிறுவனமான லில்லியும் சேர்ந்து, நீரிழிவுள்ள கோகோ என்ற பெண் குரங்கை மிக்கி கூட்டத்தின் கதைநூல்களில் அறிமுகப்படுத்தின. மருந்து நிறுவனத்தின் பணத்தில் வரும் நூலில் தகவல் பிழை குறைவு, அச்சும் அழகு. இன்சுலினுக்கும் பரிசோதனை அட்டைக்கும் காசு எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு மட்டும் அவற்றில் இடமிருக்காது என்பதை வாசிப்பவர் நினைவில் கொள்ளலாம்.

புத்தகமல்ல என்றாலும், தென்னாப்பிரிக்காவின் 'தகலானி செசமி' தொடரில் 2002இல் வந்த காமி என்ற எச்ஐவி தொற்றுள்ள ஐந்து வயதுப் பொம்மைப் பாத்திரமும் இந்த வகையைச் சேர்ந்ததே.

உவமையும் படமும்

இன்சுலினைச் சாவியாகவும் செல்லைக் கதவாகவும் காட்டுவது இந்நூல்களில் வழக்கம். ஆறேழு வயதுக்கு இது பிடிபடும். நான்கு வயதுக் குழந்தை சாவியைத் தன் வயிற்றில் தேடும். நோய் எதிர்ப்பாற்றலைப் போர்வீரராக்கி, அவர்கள் தவறுதலாகச் சொந்த ஊரையே தாக்கினார்கள் என்று சொல்வதில் ஆபத்து அதிகம். தன் உடம்புக்குள்ளேயே எதிரி இருப்பதாகப் பயந்துபோகும் குழந்தைக்கு அடுத்த பக்கம் காதில் விழாது.

எல்லாவற்றிலும் மோசமானது சர்க்கரையைக் கொம்பு முளைத்த வில்லனாக வரைவது. இன்சுலின் போடும் குழந்தைக்கு ரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் நடுக்கம், வியர்வை, எரிச்சல் வரும். அப்போது உடனடி மருந்தே சர்க்கரைதான். எடைக்கேற்ற அளவில் குளுக்கோஸோ பழச்சாறோ கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். முந்தைய பக்கத்தில் பேயாக வந்ததை இப்போது குடி என்றால் குழந்தை வாயை மூடிக்கொள்ளும்.

படத்திலும் பிழை நுழையும். சினிமாவில் வருவதுபோல் முழங்கை மடிப்பில் ஊசி குத்துவதாக ஓவியர் வரைந்துவிடுவார். இன்சுலின் ஊசி ரத்தக்குழாயில் போடப்படுவதில்லை, தோலுக்கு அடியிலுள்ள கொழுப்பில்தான் போடப்படுகிறது. பேனா ஊசியில் மருந்தை அழுத்திய பிறகும் ஊசியை உடனே எடுக்காமல் சில நொடிகள் வைத்திருக்க வேண்டும். பொதுவாகப் பத்து வரை எண்ணச் சொல்கிறார்கள். ஒன்று முதல் பத்து வரை பெரிய எழுத்தில் அச்சிட்ட பக்கம் ஒன்றிருந்தால், அம்மா ஊசியைப் பிடித்திருக்கும்போது பிள்ளை விரல் வைத்து எண்ணலாம். செய்வதற்கு ஒரு வேலை கிடைத்த பிள்ளை கையை உதறுவதும் குறையும்.

தமிழ்ச் சூழல்

சென்னையின் தூலிகா பதிப்பகம் (1996) தமிழ் உட்படப் பல இந்திய மொழிகளில் படப்புத்தகங்களை வெளியிடுகிறது. ஆனால் நாட்பட்ட நோயைக் கையாளும் தமிழ்ப் படப்புத்தகங்கள் குறைவு. ஆங்கில நூலை அப்படியே தமிழாக்கினால் போதாது. கதையில் மாணவன் நர்ஸ் அறைக்குப் போவான். இங்கே பெரும்பாலான பள்ளிகளில் நர்ஸே கிடையாது, பை தொங்கும் வகுப்பறையிலோ ஆசிரியர்கள் அறையிலோதான் ஊசி. அங்கே கேக் விருந்து. இங்கே பிறந்தநாள் பிள்ளை புதுச்சட்டையோடு வகுப்பு முழுக்கச் சாக்லேட் கொடுத்து வரும்போது என்ன செய்வது என்பதுதான் கேள்வி. ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில் இன்சுலின் குப்பியை மண்பானைக் குளிர்ச்சியில் வைப்பதும் கதைக்குள் வரவேண்டிய படம். பொதுத் தேர்வு அறைக்குள் முதல் வகை நீரிழிவுள்ள மாணவர்கள் மிட்டாய், பழம் முதலியவற்றைக் கொண்டுசெல்ல சிபிஎஸ்இ 2017இல் அனுமதித்தது. இதுபோன்ற உரிமைகளைக் குறிப்புப் பக்கத்தில் சேர்த்தால் பெற்றோர் பள்ளியில் பேச உதவும்.

இந்நூல்கள் சீக்கிரம் பழசாகிவிடுவதும் உண்டு. முன்பு சிரிஞ்சு, பிறகு பேனா, இப்போது கையில் ஒட்டும் சென்சார். தமிழ்நாட்டில் இம்மூன்றுமே புழக்கத்தில் இருப்பதால், ஒரே படம் எல்லா வீட்டுக்கும் பொருந்தாது. பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தின் கதைகள், யாரும் மொழிபெயர்க்கவும் மாற்றியமைக்கவும் இடம்தரும் திறந்த உரிமத்தில் வருகின்றன. அத்தகைய நூலில், பேனா வரும் பக்கத்தை எடுத்துவிட்டுச் சிரிஞ்சுப் பக்கத்தைச் சேர்க்கத் தடையில்லை.