பீங்கான் பல்லோடு: சேலம், நாமக்கல் சமவெளியில்

பீங்கான் பல்லோடு என்பது முன்பல்லின் வெளிப்பக்கத்தில் மட்டும் ஒட்டப்படும் மெல்லிய பீங்கான் தகடு. பல் டாக்டர்கள் இதை வெனீர் என்கிறார்கள். இதன் தடிமன் பெரும்பாலும் 0.3 முதல் 0.7 மி.மீ. வரைதான். நுனி உடைந்த பல், இடைவெளி விழுந்த பல், எனாமல் தேய்ந்த பல், எதற்கும் வெளுக்காத கறைப்பல் ஆகியவற்றுக்கு இது பழைய வடிவையும் நிறத்தையும் தருகிறது. பல்லைச் சுற்றிலும் செதுக்கி முழுதாக மூடும் 'கேப்' போலன்றி, இதற்குப் பல்லின் முன்பக்கத்தை மட்டும் சிறிதளவு தேய்த்தால் போதும்.

சேலம், நாமக்கல் மாவட்டங்களில் இந்தச் சிகிச்சைக்கு ஒரு தனிக் காரணம் உண்டு. அது நிலத்தடி நீர். இங்குள்ள நைஸ், சார்னோகைட் பாறைகளில் அபடைட், பயோடைட், ஹார்ன்பிளெண்டு போன்ற கனிமங்கள் இருக்கின்றன. மழை குறைந்த இந்தச் சமவெளியில் பாறை இடுக்கில் நெடுநாள் தேங்கும் நீர், அந்தக் கனிமங்களில் உள்ள புளோரைடைக் கரைத்துக்கொள்கிறது. குடிநீரில் ஒரு லிட்டருக்கு 1 மி.கி. வரை ஏற்கத்தக்கது என்றும், வேறு வழியில்லாத இடத்தில் 1.5 மி.கி. வரை போகலாம் என்றும் இந்தியத் தர நிர்ணயம் சொல்கிறது. இங்கே பல ஊர்களின் போர் தண்ணீர் (ஆழ்துளைக் கிணற்று நீர்) அந்த எல்லையைத் தாண்டிவிட்டது.

முன்பல்லின் எனாமல், குழந்தை பிறந்ததிலிருந்து ஏறக்குறைய எட்டு வயதுக்குள் ஈறுக்குள்ளேயே உருவாகி முடிகிறது. அந்த வயதில் புளோரைடு மிகுந்த நீரைக் குடித்தால் எனாமல் நுண்துளைகளோடு உருவாகும். பல் முளைக்கும்போது சுண்ணாம்பு வெண்மையாக இருக்கும். நாளடைவில் துளைகளில் சாயம் ஏறிப் பழுப்பாகும். கடுமையான நிலையில் பள்ளம் பள்ளமாகப் பெயர்ந்துவிடும். எவ்வளவு துலக்கினாலும் இந்தக் கறை போகாது. இது பல் துலக்காததால் வந்ததல்ல என்பதை ஊரார் அறியாததால், பழி முழுக்கப் பிள்ளையின் மேல் விழுகிறது. சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொள்ளும் பழக்கம் பள்ளியிலேயே தொடங்கிவிடுகிறது. பெண் பார்க்க வரும் நாளில் அந்தக் கறை பேச்சாகிறது. இதை வெறும் அழகுப் பிரச்சினை என்று தள்ளுவது சரியல்ல.

இந்தக் கறையின் காரணம் கண்டறியப்பட நீண்ட காலம் ஆயிற்று. அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸில் 1901-இல் பிரெடெரிக் மெக்கே இந்தக் கறையைக் கவனிக்கத் தொடங்கினார். நீரிலுள்ள புளோரைடே காரணம் என்று 1931-இல்தான் சர்ச்சில் என்ற வேதியியலாளர் கண்டுசொன்னார். அன்றைய சென்னை மாகாணத்தில் ஷார்ட் தலைமையிலான மருத்துவர் குழு நெல்லூர்ப் பகுதி மக்களின் புளோரைடு பாதிப்பை 1937-இல் பதிவு செய்தது. சேலமும் அதே மாகாணம்தான். அப்போதைய சேலம் மாவட்டத்திலிருந்து 1965-இல் தருமபுரியும் 1997-இல் நாமக்கல்லும் பிரிந்தன.

பல்லோட்டின் கதை வேறொரு திசையில் நடந்தது. 1930-களில் கலிபோர்னியாவில் சார்லஸ் பின்கஸ் என்ற பல் மருத்துவர், திரைப்பட நடிகர்களுக்காகப் படப்பிடிப்பின்போது மட்டும் மாட்டிக்கொள்ளும் ஓடுகளைச் செய்தார். குழந்தை நட்சத்திரம் ஷெர்லி டெம்பிளின் பால்பற்கள் விழுந்த இடைவெளியை மறைத்தவரும் அவரே. அந்த ஓடுகள் பசைப்பொடியால்தான் நின்றன. அவற்றோடு சாப்பிட முடியாது. நிலையாக ஒட்ட வழி காட்டியவர் மைக்கேல் புவோனகோர். எனாமலைப் பாஸ்பாரிக் அமிலத்தால் பதப்படுத்தினால் பிசின் இறுகப் பிடிக்கும் என்று 1955-இல் அவர் காட்டினார். பீங்கானின் உட்பக்கத்தையும் ஹைட்ரோபுளோரிக் அமிலத்தால் சொரசொரப்பாக்கலாம் என்று 1983-இல் சைமன்சனும் கலாமியாவும் நிறுவிய பிறகே இன்றைய வெனீர் பிறந்தது. புளோரைடு கெடுத்த பல்லைச் சீராக்க புளோரினின் அமிலமே உதவுவது இந்த வரலாற்றின் வியப்பான பகுதி.

ஓடு உருவாவது பல் லேபில். பழைய முறையில் முக்கிய மூலப்பொருள் ஃபெல்ட்ஸ்பார், கூடவே வெங்கச்சாங்கல். இந்த இரண்டும் இதே சமவெளியில் வெட்டியெடுக்கப்படும் கனிமங்கள். டெக்னீஷியன் பீங்கான் பொடியைக் குழைத்து, அச்சின்மேல் தூரிகையால் அடுக்கடுக்காகப் பூசி உலையில் சுடுகிறார். கறை அடர்த்தியாக இருந்தால் ஒளி ஊடுருவாத அடுக்கு ஒன்று அடியில் வேண்டும். அது கூடிப்போனால் பல் சுண்ணாம்பு அடித்ததுபோல் உயிரில்லாமல் தெரியும்; குறைந்தால் பழுப்பு எட்டிப் பார்க்கும். லேப்காரரின் கைத்திறன் வெளிப்படும் இடம் இதுதான். இப்போது அழுத்தி வார்க்கும் லித்தியம் டைசிலிகேட் ஓடுகளும் பரவலாகியுள்ளன.

புளோரைடால் கறைபட்ட புளோரோசிஸ் பல்லில் ஒட்டுவது கடினமான வேலை. அதன் மேலடுக்கு அமிலத்துக்கு எளிதில் இளகாது. அதற்கடியிலோ எனாமல் நுண்துளைகளோடு இருக்கும். அதனால் அமிலத்தை வழக்கத்தைவிடச் சற்று அதிக நேரம் வைக்க வேண்டியிருக்கலாம். ஒன்றிரண்டு பற்களுக்கு மட்டும் ஓடு போட்டால் பக்கத்துப் பற்களின் மஞ்சள் எடுப்பாகத் தெரியும். எனவே சிரிக்கும்போது தெரியும் ஆறு அல்லது எட்டுப் பற்களுக்குச் சேர்த்துச் செய்ய வேண்டிவருகிறது. செலவும் அதற்கேற்ப ஏறுகிறது. எனாமலிலேயே நன்றாக ஒட்டிய ஓடு பத்து ஆண்டுகளுக்கு மேல் நிற்கும். தேய்த்த எனாமல் மட்டும் திரும்ப வளராது.

ஆகவே லேசான கறைக்கு வெனீர் தேவையில்லை. அமிலமும் நுண்பொடியும் கலந்து மேலடுக்கை மட்டும் மெருகேற்றும் முறையும், வெளுக்கும் மருந்தும், பிசின் நிரப்புதலும் முதலில் பார்க்க வேண்டியவை. வெற்றிலை, புகையிலைக் கறை என்றால் பல் சுத்தம் செய்தாலே போகும். ஈறு நோய் உள்ளவர்களும் பற்களை நறநறவெனக் கடிப்பவர்களும் முதலில் அதற்கு மருத்துவம் பார்த்தாக வேண்டும். சேலத்திலும் திருச்செங்கோட்டிலும் பல் மருத்துவக் கல்லூரிகள் இருப்பதால், தனியார் கிளினிக்கில் முடிவெடுக்கும் முன் இன்னொரு கருத்துக் கேட்பது இப்பகுதியினருக்குச் சிரமமில்லை.

புளோரைடு கறையின் வேரைத் தொடும் தீர்வு ஆற்றுத் தண்ணீர்தான். மேட்டூர் நீரைக் கொண்டுவரும் கூட்டுக் குடிநீர்த் திட்டங்கள் இங்கே பல ஊர்களை எட்டியுள்ளன. அருகிலுள்ள தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் புளோரைடு பாதிப்பைக் குறைக்கவே ஜப்பானியக் கடனுதவியோடு கட்டப்பட்ட ஒகேனக்கல் திட்டம் 2013-இல் தொடங்கப்பட்டது. ஆனால் குழாயில் தண்ணீர் வராத நாளில் வீடுகள் மீண்டும் போர் தண்ணீருக்கே திரும்புகின்றன. கொதிக்கவைத்தால் புளோரைடு போகாது. நீர் சுண்டுவதால் அதன் செறிவு கூடவே செய்யும். எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளை வீட்டில் இருந்தால், போர் தண்ணீரை ஒருமுறை பரிசோதனைக்குக் கொடுங்கள். அளவு மிகுந்திருந்தால் குடிக்கவும் சமைக்கவும் ஆற்றுத் தண்ணீரையே பிடித்து வையுங்கள்.