செம்பூரும் அயல்நாட்டு அனுமதியும்: பெர்மிட் முதல் இ.டி.ஏ. வரை

ஒரு நாட்டுக்குள் நுழைவதற்கு அந்த நாட்டின் அனுமதியை முன்கூட்டியே பெற வேண்டும் என்ற விதி பழமையானதாகத் தோன்றினாலும், அது பொது வழக்கமாகி நூறாண்டுக்குச் சற்று மேல்தான் ஆகிறது. முதல் உலகப் போருக்கு முன் பம்பாய்த் துறைமுகத்தில் சொந்தச் செலவில் சீட்டு வாங்கிக் கப்பல் ஏறியவர், பெரும்பாலான ஊர்களுக்குப் பாஸ்போர்ட் இல்லாமலே போய்வர முடிந்தது. போர்க்காலத்தில் ஒற்றர்களுக்கு அஞ்சி அரசுகள் கொண்டுவந்த கட்டுப்பாடு, போர் முடிந்த பிறகும் விலகவில்லை. 1920-ல் இயற்றப்பட்ட இந்தியப் பாஸ்போர்ட் சட்டம், பாஸ்போர்ட் இல்லாமல் இந்தியாவுக்குள் வருவதைத் தடைசெய்தது. அதே ஆண்டு பாரிசில் சர்வதேச சங்கம் கூட்டிய மாநாடு, பாஸ்போர்ட் 32 பக்கச் சிறு புத்தகமாக இருக்க வேண்டும் என்று ஒரே வடிவத்தை வகுத்தது. இன்றைய பாஸ்போர்ட்டின் உருவம் அங்கே பிறந்தது.

அப்போது செம்பூர், டிராம்பே தீவை ஒட்டிய சிற்றூர். 1906-ல் குர்லாவிலிருந்து ரயில் பாதை வந்திருந்தாலும் அது பம்பாய் நகரத்துக்கு வெளியே இருந்த இடம். பின்னர் அங்கே குடியேறியவர்கள் பெரும்பாலும் வெளியூர்க்காரர்கள். அவர்களுடைய பிள்ளைகள் பலர் வெளிநாட்டுக்காரர்கள் ஆனார்கள். எல்லையைக் கடக்க அனுமதி கேட்கும் முறை எப்படி மாறியது என்பதை இந்த ஒரு புறநகரின் கதையிலேயே காண முடியும். அந்த மாற்றத்தின் சாரம் இது: அனுமதியைச் சோதிக்கும் இடம் எல்லையை விட்டுப் பின்வாங்கி, தூதரகத்துக்கும் விமானக் கவுண்டருக்கும் கடைசியில் பயணியின் வீட்டுக்குமே வந்து சேர்ந்தது.

பெர்மிட் காலம்

1947 பிரிவினைக்குப் பின் சிந்து மாகாண இந்துக்கள் பலர் கராச்சியிலிருந்து கப்பலில் பம்பாய் வந்தனர். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் கட்டப்பட்டுக் காலியாகக் கிடந்த ராணுவக் குடியிருப்புகள் அகதி முகாம்களாயின. கல்யாண் முகாம் பின்னாளில் உல்லாஸ்நகர் ஆனது. செம்பூர் முகாம் இன்றும் 'செம்பூர் கேம்ப்' என்ற பெயரிலேயே அறியப்படுகிறது.

முதல் சில மாதங்களில் இரு நாடுகளுக்கும் இடையே போய்வரத் தாள் எதுவும் தேவைப்படவில்லை. 1948 ஜூலையில் இந்திய அரசு பிறப்பித்த அவசரச் சட்டம் அந்த நிலையை மாற்றியது. மேற்குப் பாகிஸ்தானிலிருந்து வருபவர் பெர்மிட் பெற்றே வர வேண்டும் என்று அது கட்டளையிட்டது. தற்காலிகமாகப் பார்த்துவிட்டுப் போக ஒரு பெர்மிட், நிரந்தரமாகத் திரும்பிக் குடியேற வேறொரு பெர்மிட் எனப் பல வகைகள் இருந்தன. சில மாதங்களில் பாகிஸ்தானும் அதே முறையைக் கொண்டுவந்தது. நேற்றுவரை உள்ளூர்ப் பயணமாக இருந்தது வெளிநாட்டுப் பயணமாயிற்று. இந்த பெர்மிட்டின் முக்கியத்துவம் எவ்வளவு பெரியது என்றால், குடியுரிமையைக் கூறும் அரசியலமைப்பின் 7-ஆம் பிரிவிலேயே அது இடம்பெற்றது. பாகிஸ்தானுக்குப் போய்விட்டு, மீண்டும் குடியேறுவதற்கான பெர்மிட்டுடன் திரும்பியவர் குடியுரிமை கோரலாம்; அது இல்லாதவருக்கு அந்த வழி இல்லை. 1952 அக்டோபர் 15 முதல் பெர்மிட் போய், பாஸ்போர்ட்டும் விசாவும் வந்தன. செம்பூர் கேம்பின் முதல் தலைமுறைக்குப் பிறந்த ஊர் அத்துடன் முழுமையாக அயல்நாடாகிவிட்டது.

வெளியே போவதற்கும் அனுமதி

1950-களில் செம்பூரின் தோற்றம் மாறியது. டிராம்பேயில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் அணுசக்தி நிலையமும், அடுத்த பத்தாண்டில் உர ஆலையும் வந்தன. பம்பாயின் மாட்டுங்காவில் இடம் போதாமல் போன தமிழ்க் குடும்பங்களும், பாலக்காட்டிலிருந்தும் தஞ்சையிலிருந்தும் புதிதாக வேலை தேடி வந்தவர்களும் செம்பூரில் வீடு பிடித்தனர். படிப்புக்காகவோ வேலைக்காகவோ வெளிநாடு போக விரும்பியவர், அந்த நாட்டு விசாவுக்கு முன் இந்திய அரசின் அனுமதிகளையே தாண்ட வேண்டியிருந்தது.

பாஸ்போர்ட் அன்று உரிமையாகக் கருதப்படவில்லை. அரசு விரும்பினால் தரும் சலுகையாகவே இருந்தது. போன இடத்தில் கையில் காசில்லாமல் நின்றால் திருப்பி அழைத்துவரும் செலவுக்கு ஜாமீன் கேட்கப்பட்டது. எந்தெந்த நாடுகளுக்குச் செல்லும் என்பது பாஸ்போர்ட்டிலேயே எழுதப்பட்டிருக்கும். அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு கடுமையான 1960-களில் ரிசர்வ் வங்கியின் 'பி' படிவ அனுமதி இல்லாமல் விமானச் சீட்டு வாங்க இயலாது. எட்டு டாலருடன் அமெரிக்கா போய் இறங்கிய கதை அந்தத் தலைமுறை வீடுகளில் இன்றும் சொல்லப்படுகிறது. அதன் பின்னணி இந்தச் செலாவணிக் கட்டுப்பாடுதான்.

சலுகையை உரிமையாக்கியது நீதிமன்றம். வெளிநாடு செல்லும் உரிமை தனிமனித சுதந்திரத்தின் பகுதி என்று பம்பாய், கேரளம், மைசூர் உயர் நீதிமன்றங்கள் கருத, டெல்லி உயர் நீதிமன்றம் மறுத்தது. 1967 ஏப்ரலில் சத்வந்த் சிங் சாஹ்னி வழக்கில் தலைமை நீதிபதி கே. சுப்பா ராவ் தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு, பெரும்பான்மைத் தீர்ப்பில் அந்த உரிமையை ஏற்றது. சட்டத்தின் ஆதாரம் இல்லாமல் அரசு தன் விருப்பப்படி பாஸ்போர்ட்டை மறுக்க முடியாது என்றானது. அதன் விளைவாகவே அதே ஆண்டு ஜூனில் பாஸ்போர்ட் சட்டம் நடைமுறைக்கு வந்தது. 1978-ல் மேனகா காந்தி வழக்கின் தீர்ப்பு அந்த உரிமையை மேலும் உறுதியாக்கியது.

வளைகுடாவின் வாசல்

1973-ல் எண்ணெய் விலை உயர்ந்ததும் வளைகுடா நாடுகளில் கட்டுமான வேலை பெருகியது. இந்தியாவிலிருந்து அங்கே போனவர்களுக்குப் பம்பாய் முக்கிய வாசல். தமிழ்நாட்டிலிருந்தும் கேரளத்திலிருந்தும் வந்த இளைஞர்கள், ஏஜெண்டிடம் பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டு, தாராவியிலோ செம்பூரிலோ ஊர்க்காரர் வீட்டில் விசாவுக்காகக் காத்திருந்தனர். இந்த விசா பயணி கேட்டுப் பெறுவது அல்ல. அங்குள்ள முதலாளி, அதாவது ஸ்பான்சர், எடுத்து அனுப்புவது. அனுமதி ஸ்பான்சரின் பெயரோடு கட்டப்பட்டிருந்ததால், அவரை விட்டு விலகினால் அந்த நாட்டில் தங்கும் உரிமையும் போய்விடும். தொழிலாளர் பலரின் துயரங்களுக்கு வேர் இங்கேதான் இருந்தது.

ஏமாற்றுகளைத் தடுக்க 1983-ல் புதிய குடிபெயர்வுச் சட்டம் வந்தது. ஆள் சேர்க்கும் ஏஜெண்டுகள் பதிவுபெற வேண்டும். வேலை ஒப்பந்தத்தைக் குடிபெயர்வோர் பாதுகாப்பு அலுவலர் பார்த்து அனுமதி தர வேண்டும். இதற்கென்று பம்பாயிலும் சென்னையிலும் அலுவலகங்கள் இயங்கின. பத்தாம் வகுப்புத் தேறாதவர்களின் பாஸ்போர்ட் 'இ.சி.ஆர்.' (குடிபெயர்வுச் சோதனை தேவை) வகையில் சேர்ந்தது. அவர்கள் குறிப்பிட்ட நாடுகளுக்கு வேலைக்குப் போகும்போது 'எமிக்ரேஷன் கிளியரன்ஸ்' வாங்கியாக வேண்டும். விதியின் நோக்கம் பாதுகாப்பு. ஆனால் அதன் சுமை, படிக்க வாய்ப்பில்லாதவர்களின் தோளிலேயே ஏறியது. ஒரே விமானத்தில் பக்கத்து இருக்கையில் அமரும் படித்தவருக்கு அந்த அனுமதி தேவையில்லை. இன்று இந்த அனுமதியும் 'இ-மைக்ரேட்' என்ற இணைய முறை வழியாகவே வழங்கப்படுகிறது.

தூதரக வாசலில் வரிசை

1946-ல் அமெரிக்கா இந்தியாவுக்கு ஒதுக்கிய குடியேற்ற இடங்கள் ஆண்டுக்கு 100. 1965-ல் இயற்றப்பட்ட புதிய குடியேற்றச் சட்டம் நாட்டுவாரி ஒதுக்கீட்டை நீக்கித் திறமைக்கும் குடும்ப உறவுக்கும் இடமளித்தது. மாட்டுங்கா, செம்பூர் வீடுகளின் பொறியாளர்களும் மருத்துவர்களும் அந்தக் கதவு வழியே போனார்கள். அவர்களுக்குப் பின்னால் பிரசவம் பார்க்கவும் பேரக்குழந்தையைக் கொஞ்சவும் பெற்றோர் போகத் தொடங்கினர். பிரீச் கேண்டியில் லிங்கன் ஹவுஸ் என்ற மாளிகையில் இருந்த அமெரிக்கத் துணைத் தூதரகம் 2011-ல் பாந்த்ரா-குர்லா வளாகத்துக்கு மாறியது. 2014-ல் சாந்தாகுருஸ்-செம்பூர் இணைப்புச் சாலை திறந்ததும் செம்பூரிலிருந்து அங்கே போவது எளிதாயிற்று.

பிரிட்டனின் கதவு எதிர்த்திசையில் நகர்ந்தது. காமன்வெல்த் நாட்டவர் தடையின்றிக் குடியேறும் உரிமையை 1962 சட்டம் கட்டுப்படுத்தியது. ஆனாலும் உறவினரைப் பார்க்கப் போகும் இந்தியருக்கு விசா தேவைப்படவில்லை; லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் அதிகாரியின் கேள்விகளுக்குப் பதில் சொன்னால் போதும். அங்கே விசாரணைக்காக நிறுத்தப்படுவோர் கூட்டம் பெருகவே, 1986 அக்டோபரில் இந்தியர்களுக்கும் விசா கட்டாயமானது. ஹீத்ரோவில் கேட்கப்பட்ட கேள்விகள் அன்று முதல் பம்பாயிலேயே கேட்கப்பட்டன.

தூதரகங்களின் முன் வரிசை நீண்டபோது, விண்ணப்பங்களை வாங்கிச் சரிபார்க்கும் வேலையைத் தனியாரிடம் ஒப்படைக்கும் முறை 2001-ல் மும்பையில் உருவானது. அமெரிக்க விசா விண்ணப்பங்களோடு தொடங்கிய வி.எஃப்.எஸ். நிறுவனம் பின்னர் பல நாடுகளுக்காக உலகெங்கும் மையங்கள் திறந்தது. அங்கே விண்ணப்பமும் விரல் ரேகையும் வாங்கப்படும். விசா தருவதா மறுப்பதா என்ற முடிவு மட்டும் தூதரகத்திடமே இருக்கும்.

மின்னணுப் பயண அனுமதி

விசாவுக்கு மாற்றாக வந்த எளிய முறைதான் இ.டி.ஏ. என்று சுருக்கி அழைக்கப்படும் மின்னணுப் பயண அனுமதி. ஆஸ்திரேலியா 1996-ல் இதைத் தொடங்கியது. டிராவல் ஏஜெண்டின் கணினியில் பாஸ்போர்ட் எண்ணைத் தட்டினால், அந்த நாட்டுக் குடியேற்றத் துறையின் பதிவேடு அதைச் சோதித்துப் பதில் தரும். முத்திரையோ ஒட்டுத்தாளோ இல்லை. அனுமதி பாஸ்போர்ட் எண்ணோடு இணைந்து கணினியில் இருக்கும். 2009 முதல் அமெரிக்காவும், 2016 முதல் கனடாவும், அண்மையில் பிரிட்டனும் இதே வகை முறைகளைக் கட்டாயமாக்கின. ஆனால் இந்த நாடுகளில் அது, விசா இல்லாமல் வரத் தகுதிபெற்ற நாட்டவருக்கு உரியது. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் முழு விசாவே வாங்க வேண்டும். ஒரே தொழில்நுட்பம் ஒருவருக்குச் சில நிமிட வேலையாகவும் மற்றவருக்குச் சில மாதக் காத்திருப்பாகவும் இருப்பதற்குக் காரணம் பாஸ்போர்ட்டின் அட்டையில் அச்சிட்ட நாட்டின் பெயர்தான்.

செம்பூர்வாசிக்கு இ.டி.ஏ. நேரடியாகப் பயன்படும் நாடு இலங்கை. இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையிலான கடலைக் கடக்கும் அனுமதிக்குத் தமிழர் வரலாற்றில் தனி இடம் உண்டு. 1914-ல் தனுஷ்கோடி-தலைமன்னார் கப்பல் ஓடத் தொடங்கிய பின், தேயிலைத் தோட்டங்களுக்குப் போன தொழிலாளர்கள் மண்டபம் முகாமில் நிறுத்தப்பட்டு, மருத்துவச் சோதனைக்குப் பிறகே கப்பல் ஏற்றப்பட்டனர். 1948-ல் இலங்கை இயற்றிய குடிவரவு குடியகல்வுச் சட்டம் இந்தியரின் போக்குவரத்தை விசாவுக்கு உட்படுத்தியது. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியையே அழித்தது.

2012 ஜனவரி 1 முதல் இலங்கை இ.டி.ஏ. முறையைக் கொண்டுவந்தது. சிங்கப்பூர், மாலத்தீவு போன்ற சில நாட்டவருக்கு மட்டும் விலக்கு கிடைத்தது. சார்க் நாட்டவருக்குக் கட்டணம் குறைவு. இணையத்தில் பாஸ்போர்ட் விவரம், பயண நாள், தங்குமிடம் ஆகியவற்றை நிரப்பிக் கட்டணம் கட்டினால் மின்னஞ்சலில் அனுமதி வரும். சுற்றுலாவுக்கு 30 நாள் தங்கலாம். பாஸ்போர்ட் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். திரும்பும் பயணச்சீட்டும் செலவுக்குப் பணமும் காட்டத் தயாராக இருக்க வேண்டும். 2024 ஏப்ரலில் இந்த முறை நீக்கப்பட்டு, வி.எஃப்.எஸ். இடம்பெற்ற தனியார் கூட்டமைப்பிடம் மின்விசாப் பணி தரப்பட்டது. கட்டண உயர்வும் ஒப்பந்தம் தந்த விதமும் எதிர்க்கப்பட்டன. ஆகஸ்டில் இலங்கை உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை விதிக்க, செப்டம்பர் இறுதியில் பழைய இ.டி.ஏ. திரும்பியது.

இந்தியாவும் தன்னைக் காண வருவோருக்காக 2014 நவம்பர் 27 அன்று இதே முறையைத் தொடங்கியது. தொடக்கத்தில் 43 நாட்டவர், மும்பை, சென்னை உள்ளிட்ட 9 விமான நிலையங்கள் வழியாக வரலாம் என்றிருந்தது. இன்று அது இ-விசா என்ற பெயரில் விரிந்துள்ளது. அயல்நாட்டுக் குடிமக்களாகிவிட்ட செம்பூர்ப் பிள்ளைகளில் ஓ.சி.ஐ. (வெளிநாடுவாழ் இந்தியக் குடிமகன்) அட்டை எடுக்காதவர்கள், பெற்றோரைப் பார்க்க வருவது இந்த அனுமதியில்தான்.

இன்றைய நிலை

2023 டிசம்பரில் மலேசியாவும் அதற்குச் சற்று முன் தாய்லாந்தும் இந்தியர்களுக்கு விசாவை விலக்கின. ஆனாலும் முன் அறிவிப்பு விலகவில்லை: இரு நாடுகளும் பயணத்துக்கு முன் இணையத்தில் வருகை அட்டையை நிரப்பச் சொல்கின்றன. ஹாங்காங் 2017 முதல் இந்தியர்களிடம் முன்பதிவு கேட்கிறது. சரியான ஆவணம் இல்லாதவரை ஏற்றிவந்தால் விமான நிறுவனம் அபராதம் கட்ட வேண்டும் என்பது பல நாடுகளின் சட்டம். இந்தியாவும் 2000-ல் அப்படி ஒரு சட்டம் இயற்றியது. ஆகவே முதல் சோதனை விமான நிறுவனக் கவுண்டரிலேயே முடிந்துவிடுகிறது. இ.டி.ஏ. கையில் இருந்தாலும் உள்ளே விடுவதா என்பதை இறங்கும் இடத்தின் அதிகாரியே முடிவு செய்வார். அது பயணம் புறப்படுவதற்கான அனுமதி. நுழைவதற்கான உறுதி அல்ல.

இந்தியாவின் 1920-ஆம் ஆண்டுப் பாஸ்போர்ட் சட்டமும் 2000-ஆம் ஆண்டின் விமான நிறுவனப் பொறுப்புச் சட்டமும் உட்பட நான்கு சட்டங்களுக்கு மாற்றாகக் குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டம் 2025 செப்டம்பர் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. செல்லத்தக்க பாஸ்போர்ட் வேண்டும் என்ற 1920-ன் நிபந்தனை அதிலும் தொடர்கிறது.