ஆரணி ஆய்வுகள்

ஆரணி ஆய்வுகள் என்பன தமிழ்நாட்டின் திருவண்ணாமலை மாவட்டத்திலுள்ள பட்டு நெசவு நகரான ஆரணியின் சந்தை, தொழில், சாதி, அரசியல் ஆகியன பற்றி 1973 முதல் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் நடத்தப்பட்ட கள ஆய்வுகளாகும். இவற்றை முன்னின்று நடத்தியவர் ஆக்சுபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியராக விளங்கிய பார்பரா ஹாரிஸ்-வைட். சந்தை வளர வளரச் சாதி தானே மறைந்துவிடுமா என்ற கேள்விக்கு ஒரே ஊரில் இவ்வளவு காலம் விடை தேடிய ஆய்வுகள் மிகச் சில.

பின்புலம்

1970களின் தொடக்கத்தில் கேம்பிரிட்ஜ், சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அன்றைய வட ஆற்காடு மாவட்டத்திலும் இலங்கையிலும் பசுமைப் புரட்சியின் விளைவுகளை ஆராய்ந்தனர். பி. எச். பார்மர் தொகுத்த அதன் முடிவுகள் 1977இல் நூலாக வந்தன. ஆரணி முதலில் ஆய்வாளர் கண்ணில் பட்டது பட்டுக்காக அன்று. நெல், அரிசி வணிகத்துக்காகவே.

ஆய்வு முறை

1973, 1983, 1993 எனப் பத்தாண்டுக்கு ஒருமுறை அதே ஊருக்குத் திரும்பி வந்து, அங்குள்ள தொழில்கள் ஆராயப்பட்டன. வணிகர்களுடன் நிகழ்த்திய நீண்ட உரையாடல்களே முதன்மைச் சான்றுகள். முதல் எங்கிருந்து வந்தது, கடன் யாருக்குத் தரப்படுகிறது, வேலைக்கு யார் சேர்க்கப்படுகின்றனர் போன்றவை கேட்கப்பட்டன. கணக்குப் புத்தகத்தில் இல்லாத பலவும் இவ்வாறுதான் தெரியவந்தன எனலாம்.

சாதியும் சந்தையும்

நகரின் பொருளாதாரத்தில் பெரும்பகுதி அரசின் பதிவுக்கு வெளியே இயங்குவதால் அது 'முறைசாராப் பொருளாதாரம்' எனப்படுகிறது. ஆனால் அது ஒழுங்கற்றது என்று பொருளன்று. சாதி, சமயம், பால், குடும்பம் ஆகியனவே அங்கு சட்டத்தின் இடத்தில் நின்று ஒழுங்கு செய்கின்றன. ஹாரிஸ்-வைட்டும் இத்தாலியப் பொருளியலாளர் எலிசபெத்தா பசிலேயும் நகரின் சங்கங்களை ஆராய்ந்து, சாதிச் சங்கமும் தொழிற் சங்கமும் பல இடங்களில் பிரிக்க முடியாதபடி பின்னியிருப்பதைக் காட்டினர். தொழிலுக்குள் யார் நுழையலாம், தகராற்றை யார் தீர்ப்பது என்பவை இவ்வழியே முடிவாகின்றன. 1991க்குப் பிந்தைய தாராளமயம் சாதியின் படிநிலையைச் சற்றுத் தளர்த்தினாலும், பொருளாதாரத்தை ஒழுங்குபடுத்தும் அதன் வலிமையைக் கூட்டியது என்பது 2003இல் வெளிவந்த ஹாரிஸ்-வைட்டின் நூல் முன்வைக்கும் கருத்து. சந்தைக்குச் சாதி தெரியாது என்று நம்புவோர்க்கு இது உவப்பாக இராது.

இனப் பாகுபாட்டு ஆய்வுகளோடு ஒப்பீடு

சிறு நகரை நுணுகி ஆராயும் மரபு அமெரிக்காவில் பழையது. 1929இல் வெளிவந்த லிண்டு இணையரின் மன்சி நகர் ஆய்வு வெள்ளையரை மட்டுமே கணக்கில் கொண்டு, அங்கு வாழ்ந்த கறுப்பின மக்களை விட்டுவிட்டது. மாறாக, கறுப்பின அறிஞர் அலிசன் டேவிசும் உடன் ஆய்வாளர்களும் 1941இல் வெளியிட்ட மிசிசிப்பி ஆய்வு நிறப் பாகுபாட்டைச் 'சாதி' என்ற சொல்லாலேயே விளக்கியது. ஆரணி ஆய்வுகள் இவ்விரண்டாம் வகைக்கு நெருக்கமானவை. தலித் மக்களையும் கூலித் தொழிலாளர்களையும் அவை ஒதுக்கவில்லை.

பொதுக் கொள்கை

தமிழ்நாட்டில் அரசுப் பணி, கல்வி ஆகியவற்றில் 69 விழுக்காடு இட ஒதுக்கீடு உள்ளது. ஆனால் அர்ச்சுன் சென்குப்தா தலைமையிலான நடுவண் அரசின் ஆணையம் 2007இல் கணித்தபடி, இந்தியத் தொழிலாளரில் ஏறத்தாழ 92 விழுக்காட்டினர் முறைசாரா வேலைகளில் இருந்தனர். கடைத்தெருவுக்கும் அரிசி ஆலைக்கும் தறிக்கூடத்துக்கும் இட ஒதுக்கீடு எட்டுவதில்லை. முதல், கடன், நம்பிக்கை ஆகியன உறவுமுறை வழியே கிடைக்கும் ஊரில், அவ்வுறவுக்கு வெளியே பிறந்தவர் வணிகராவது கடினம்.

ஹாரிஸ்-வைட் தொகுத்து 2016இல் வெளிவந்த நூல் நாற்பதாண்டு மாற்றங்களை ஒருங்கே தருகிறது. பள்ளிப் படிப்பின்றித் தறியருகே அமர்ந்தே பட்டு நெசவைக் கற்கும் முறையும் அதில் ஆராயப்பட்டுள்ளது.